இடமாற்றம் தீர்வாகாது: வைத்தியசாலைகளில் தேங்கிக் கிடக்கும் பிணக்குகள்

2024 ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாம் திகதி அரசாங்க வைத்தியசாலைகள் பலவற்றில் இராணுவத்தினர் கடமையில் ஈடுபடுத்தப்பட்டிருந்தனர். நோயாளரைத் தள்ளுவண்டியில் ஏற்றுவதும், உணவு கொண்டு செல்வதும், மருந்துப் பொதிகளைச் சுமப்பதும் அன்று அவர்களது வேலையாயிற்று. வைத்தியர்களின் டி.ஏ.டி. கொடுப்பனவை 35,000 ரூபாவிலிருந்து 70,000 ரூபாவாக உயர்த்துவதற்கு அவ்வாண்டு ஜனவரியில் அரசாங்கம் எடுத்த தீர்மானமே இதற்குக் காரணமாயிற்று. அதே அதிகரிப்பு தமக்கும் வழங்கப்பட வேண்டுமெனக் கோரி, சுகாதாரத்துறையின் ஏனைய பிரிவுகளைச் சேர்ந்த 72 தொழிற்சங்கங்கள் பணிப்பகிஷ்கரிப்பில் இறங்கின. தூரக் கிராமங்களிலிருந்து கிளினிக்குக்கு வந்தவர்கள் அன்றைய கூலியையும் இழந்து, மருந்துமின்றித் திரும்பினர்.

இந்தப் பகிஷ்கரிப்பைச் சம்பளப் பிரச்சினை என்று மாத்திரம் நோக்குவது போதுமானதாகாது. ஒரே நோயாளியின் கட்டிலைச் சுற்றி நிற்கும் வைத்தியர், தாதி, ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர், மருந்தாளர், சுகாதார உதவியாளர் ஆகியோர் ஒருவரையொருவர் எதிர்த்தரப்பாகக் கருதும் நிலைக்குத் தள்ளப்பட்டிருக்கின்றனர் என்பதே அதில் வெளிப்பட்ட உண்மையாகும். பெருந்தொகையானோர் சேர்ந்து பணிபுரியும் எந்த இடத்திலும் பிணக்குகள் தோன்றவே செய்யும். அவற்றைக் கேட்டு, ஆராய்ந்து, குறித்த காலத்துக்குள் தீர்த்து வைப்பதற்கு எமது வைத்தியசாலைகளில் என்ன ஏற்பாடு இருக்கின்றது என்பதே இங்கு எழுப்பப்பட வேண்டிய கேள்வியாகும்.

சட்டத்திலிருந்து ஆரம்பிப்போம். இந்நாட்டில் தொழில் தருநருக்கும் தொழிலாளருக்கும் இடையிலான பிணக்குகளைத் தீர்ப்பதற்கென 1950 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டம் இருக்கின்றது. இணக்கப்பாடு, நடுத்தீர்ப்பு, கைத்தொழில் நீதிமன்றம், பின்னர் 1957 ஆம் ஆண்டின் திருத்தத்தின் மூலம் உருவான தொழில் நியாயசபை எனப் பல படிகளை அது வகுத்துள்ளது. ஆனால், தொழில் தருநர் என்ற வகையில் அரசுக்கும், அரசின் ஊழியர்களுக்கும் இச்சட்டம் ஏற்புடையதாகாது என அதன் 49 ஆம் பிரிவு கூறுகின்றது. இதன்படி கொழும்பிலுள்ள தனியார் வைத்தியசாலையொன்றின் ஊழியர் தொழில் ஆணையாளரிடம் முறையிடலாம். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ அரசாங்க வைத்தியசாலையில் பணிபுரியும் தாதிக்கு அந்தக் கதவு திறக்காது. கிராமத்தில் வேலிச் சண்டை ஏற்பட்டால் 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்தியஸ்த சபை இரு தரப்பையும் அழைத்து உட்காரவைத்துப் பேசுகின்றது. உயிரைக் காக்கும் விடுதியில் சண்டை ஏற்பட்டால் பேசவைப்பதற்கு அத்தகைய ஒரு சபை இல்லை.

தொழிற்சங்கங்கள் கட்டளைச் சட்டத்தின் நிலையும் இத்தகையதே. 1935 ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலுள்ள அச்சட்டம், அரசாங்க உத்தியோகத்தர்களின் சங்கங்களை அவர்கள் சார்ந்த சேவைக்குள்ளோ திணைக்களத்துக்குள்ளோ மட்டுப்படுத்துகின்றது. தாதியருக்கு ஒரு சங்கம், அதற்குப் போட்டியாக இன்னொன்று, மருந்தாளருக்கு வேறொன்று, குடும்பநல உத்தியோகத்தருக்குப் பிறிதொன்று எனச் சங்கங்கள் பெருகியுள்ளமைக்கு இதுவும் ஒரு காரணமாகும். ஒவ்வொரு சங்கமும் தன் பிரிவினரின் கோரிக்கையையே முன்வைக்கின்றது. அரசாங்கமும் எந்தப் பிரிவினர் அதிகமாக அழுத்தம் கொடுக்கின்றனரோ அவர்களுடன் தனியாகப் பேசி, தனியாக ஒரு கொடுப்பனவை வழங்குகின்றது. அடுத்த பிரிவினர் அதை அவமதிப்பாகக் கருதுகின்றனர். 2024 இல் நடந்ததும் அதுவே. அதற்கு இரு ஆண்டுகளுக்கு முன்னர், 2022 பெப்ரவரியில், தாதியரும் துணை மருத்துவ சேவையினரும் மேற்கொண்ட பகிஷ்கரிப்பின்போது வைத்தியசாலைச் சேவைகளை அத்தியாவசிய சேவையாகப் பிரகடனஞ் செய்யும் வர்த்தமானி வெளியிடப்பட்டது. விவகாரம் நீதிமன்றம் வரை சென்றது. 1979 ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொதுச் சேவைகள் சட்டத்தின் மூலம் ஊழியரைக் கடமைக்கு அழைத்து வர முடியும். அவர்களிடையேயான மனக்கசப்பை அச்சட்டத்தால் நீக்க முடியாது.

சம்பளத்துக்கும் கொடுப்பனவுக்குமான போராட்டங்கள் பத்திரிகைகளின் முதற்பக்கத்தில் இடம்பிடிக்கின்றன. முதற்பக்கத்துக்கு வராத பிணக்குகளே எண்ணிக்கையில் அதிகமானவை. இரவுக் கடமைப் பட்டியலில் பாரபட்சம், மேலதிக நேரக் கொடுப்பனவுக்கான கையொப்பம் மறுக்கப்படுதல், நோயாளரின் முன்னிலையில் ஒருவரை மற்றவர் இழிவாகப் பேசுதல், உள்ளகப் பயிற்சி வைத்தியர் மீதான அடக்குமுறை, 'இது என் வேலையல்ல' என்ற எல்லைத் தகராறு எனப் பல வடிவங்களில் அவை தோன்றுகின்றன.

வழக்கமாக நடைபெறுவதை ஓர் உதாரணத்தின் மூலம் காட்டலாம். ஒரு விடுதியில் நோயாளரின் உறவினர்கள் பார்த்துக்கொண்டிருக்க, தாதியொருவரை வைத்தியர் கடிந்து பேசுகின்றார். தாதி விடுதிப் பொறுப்புத் தாதியிடம் முறையிடுகின்றார். விடயம் மேற்றனுக்கும், பின்னர் பணிப்பாளருக்கும் செல்கின்றது. பணிப்பாளர் இருவரையும் அழைத்து, "பெரிதுபடுத்தாமல் இணங்கிப் போங்கள்" என்கின்றார். எதுவும் எழுத்தில் பதியப்படுவதில்லை. சில வாரங்களின் பின்னர் மீண்டும் வாக்குவாதம் ஏற்படுகின்றது. இம்முறை இரு தரப்புச் சங்கங்களும் தலையிடுகின்றன. இறுதியில் ஒருவர் இடமாற்றம் பெறுகின்றார். அவ்வாறு மாற்றப்படுபவர் அநேகமாகப் பதவியில் குறைந்தவராகவே இருப்பார். கோப்பு மூடப்படுகின்றது, பிணக்கு புதிய விடுதிக்கு இடம்பெயர்கின்றது.

இதனால் நோயாளிக்கு என்ன பாதிப்பு என்று சிலர் கேட்கலாம். அந்த விடுதியில் எஞ்சியிருக்கும் தாதியர் ஒரு பாடத்தைக் கற்றுக்கொள்கின்றனர். அதிகாலை இரண்டு மணிக்கு ஒரு மருந்தின் அளவில் சந்தேகம் எழும்போது, அந்த வைத்தியரைத் தொலைபேசியில் அழைப்பதா, எழுதியிருப்பதை அப்படியே கொடுப்பதா என்ற தயக்கம் அவர்களுக்கு உண்டாகின்றது. இஸ்ரேலில் குறைமாதக் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுகளைச் சேர்ந்த 24 குழுக்களைக் கொண்டு நடத்தப்பட்டு, 2015 இல் வெளியான ஆய்வொன்று இந்தத் தயக்கத்தின் விலையை அளந்து காட்டியது. பயிற்சிக்கென உருவாக்கப்பட்ட ஒரு நோயாளிச் சூழ்நிலையில் சில குழுக்களிடம் வெளியாள் ஒருவர் இலேசாக இழிவுபடுத்தும் வார்த்தைகளைக் கூறினார். ஏனைய குழுக்களிடம் அவ்வாறு கூறவில்லை. இழிவுக்குள்ளான குழுக்களின் நோயறியும் திறனும், சிகிச்சைச் செயற்பாடும் குறிப்பிடத்தக்க அளவு வீழ்ச்சியடைந்தன. குழுவினர் தகவலைப் பகிர்ந்துகொள்வதும், ஒருவரிடம் மற்றவர் உதவி கேட்பதும் குறைந்தமையே அதற்கான காரணமாகக் கண்டறியப்பட்டது.

இதைவிடப் பாரதூரமான பாடம் பிரித்தானியாவில் கிடைத்தது. பிரிஸ்டல் றோயல் வைத்தியசாலையில் குழந்தைகளுக்கான இருதய சத்திரசிகிச்சைகளின் பெறுபேறுகள் குறித்து, மயக்க மருந்து நிபுணரான ஸ்டீபன் போல்சின் 1990 களின் தொடக்கத்திலேயே கவலை தெரிவித்தார். அவரது எச்சரிக்கை உரிய கவனத்தைப் பெறவில்லை. பின்னர் அவர் அவுஸ்திரேலியாவுக்குச் சென்று பணியாற்றினார். 2001 இல் வெளியான கென்னடி விசாரணை அறிக்கை, 1991 முதல் 1995 வரையிலான காலத்தில் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 30 முதல் 35 வரையானோர் எதிர்பார்க்கக்கூடிய அளவுக்கு மேலதிகமாக அங்கு இறந்தனர் என மதிப்பிட்டது. சக ஊழியர் எழுப்பிய கேள்வியைத் தனிப்பட்ட விரோதமாகக் கருதும் பண்பாடு எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

எமது மண்ணுக்கு வருவோம். 2024 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் சாவகச்சேரி ஆதார வைத்தியசாலையில் நிகழ்ந்தவை இன்னும் எவர் நினைவிலிருந்தும் அகலவில்லை. பதில் வைத்திய அத்தியட்சகராகக் கடமையேற்ற வைத்தியர் இராமநாதன் அர்ச்சுனா, வைத்தியசாலை நிர்வாகம் குறித்தும் சக வைத்தியர்கள் குறித்தும் பகிரங்கமாகக் குற்றச்சாட்டுகளை முன்வைத்தார். வைத்தியர்கள் அவரது நடத்தை குறித்து எதிர்க் குற்றச்சாட்டுகளை முன்வைத்துப் பணியிலிருந்து விலகினர். முகநூல் நேரலைகளில் விவாதம் நடந்தது. ஜூலை மாதத்தில் தென்மராட்சி மக்கள் வீதிக்கு இறங்கினர். அதே ஆண்டு நவம்பரில் நடைபெற்ற பொதுத் தேர்தலில் அவர் பாராளுமன்ற உறுப்பினராகத் தெரிவானார்.

யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பளிப்பது இக்கட்டுரையின் நோக்கமல்ல. அன்று தெருவில் திரண்ட மக்களுக்கு ஒரு நியாயமான ஆதங்கம் இருந்தது. தமக்குக் கிடைக்க வேண்டிய சேவை ஏன் கிடைக்கவில்லை என்பதை அறிய அவர்கள் விரும்பினர். வைத்தியர்களுக்கும் ஓர் ஆதங்கம் இருந்தது. விசாரணையின்றித் தாங்கள் பொதுவெளியில் குற்றவாளிகளாக்கப்படுவதாக அவர்கள் கருதினர். இந்த இரு ஆதங்கங்களையும் பதிவு செய்து, ஆவணங்களைச் சோதித்து, சில வாரங்களுக்குள் பகிரங்கமாக முடிவை அறிவிக்கக்கூடிய, இரு தரப்பினரும் நம்பத்தக்க ஓர் அமைப்பு அங்கே இருக்கவில்லை. அது இருந்திருப்பின் பிணக்கு வைத்தியசாலையின் வாயிலைத் தாண்டியிராது.

நிர்வாகப் பிளவும் இதற்குத் துணைபோயிற்று. போதனா வைத்தியசாலைகள் மத்திய அமைச்சின் கீழும், ஆதார வைத்தியசாலைகளில் பெரும்பாலானவை மாகாண சபைகளின் கீழும் இருக்கின்றன. வைத்தியர்கள் நாடளாவிய சேவையைச் சேர்ந்தவர்கள். அவர்களது வருடாந்த இடமாற்றம் கொழும்பில் தீர்மானிக்கப்படுகின்றது. அதே கூரையின் கீழ் மாகாண நியமனம் பெற்ற ஊழியரும் பணிபுரிகின்றனர். ஒரே வைத்தியசாலையில் இரு எஜமானர்கள். போதாக்குறைக்கு, வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிவடைந்திருந்தமையால், 2024 இல் மக்கள் சென்று முறையிடுவதற்கு மாகாண சுகாதார அமைச்சர் ஒருவரும் இருக்கவில்லை. அதிகாரப் பகிர்வு குறித்துப் பேசுவோர் இந்த அன்றாட யதார்த்தத்தையும் கவனத்திற் கொள்ள வேண்டும்.

நிறுவனத்துக்குள் பொறிமுறை இல்லாதவிடத்து அந்த வெற்றிடத்தை வதந்தியும் இனவாதமும் நிரப்பும் என்பதற்கு 2019 ஆம் ஆண்டு குருநாகலில் நிகழ்ந்தது சாட்சியாகும். உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னரான பதற்றத்தில், குருநாகல் போதனா வைத்தியசாலையின் வைத்தியர் ஷாபி சிஹாப்தீன் சிங்களத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. மே மாதத்தில் அவர் கைது செய்யப்பட்டார். ஜூலை மாதத்தில் பிணை வழங்கப்பட்டது. குற்றச்சாட்டை நிரூபிக்கும் சான்று கிடைக்கவில்லை எனக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்துக்கு அறிவித்திருந்தது. கட்டாய விடுமுறைக் காலத்துக்கான நிலுவைச் சம்பளம் சுமார் 26 இலட்சம் ரூபா 2022 இல் அவருக்கு வழங்கப்பட்டபோது, பொருளாதார நெருக்கடியில் தவித்த வைத்தியசாலைகளுக்கு மருந்து வாங்குவதற்கென அவர் அதனை அன்பளிப்பாக அளித்தார்.

சிசேரியன் சத்திரசிகிச்சை தனியொருவரால் மூடிய அறையில் நடத்தப்படுவதில்லை. மயக்க மருந்து வைத்தியர், உதவி வைத்தியர், தாதியர், உதவியாளர் எனப் பலர் மேசையைச் சுற்றி நிற்கின்றனர். ஒரு வைத்தியரின் சிகிச்சை குறித்துச் சந்தேகம் எழுந்தால், சத்திரசிகிச்சைக்கூடப் பதிவேடுகளையும் உடன் பணிபுரிந்தோரின் சாட்சியங்களையும் வைத்து நிபுணர் குழுவொன்று முதலில் ஆராய்ந்திருக்க வேண்டும். அந்த ஒழுங்கு முன்கூட்டியே நிலைநாட்டப்பட்டிருந்தால், ஒரு குடும்பம் அலைக்கழிக்கப்பட்டிராது. தாய்மார்களின் மனதில் பயமும் விதைக்கப்பட்டிராது. தமிழ் பேசும் இரு சமூகங்களும் இவ்விடயத்தில் அக்கறை கொள்ள வேண்டியமைக்கு இதுவே காரணம். பலம் குறைந்தவருக்கு முறையான விசாரணையே பாதுகாப்பு.

இப்போது நடைமுறையில் இருப்பவை எவை? தாபன விதிக்கோவையின் இரண்டாம் தொகுதியில் ஒழுக்காற்று நடவடிக்கைகள் விரிவாகக் கூறப்பட்டுள்ளன. பொதுச் சேவை ஆணைக்குழு இருக்கின்றது. அதன் தீர்மானங்களுக்கு எதிராக, 2002 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நிருவாக மேன்முறையீட்டு நியாயசபை இருக்கின்றது. ஆனால், இவை யாவும் குற்றம் நடந்ததா, தண்டனை என்ன என்று ஆராயும் அமைப்புகள். இருவர் தொடர்ந்தும் ஒரே விடுதியில் எவ்வாறு பணிபுரிவது என்ற கேள்விக்கு அவை விடை தேடுவதில்லை. ஒழுக்காற்று விசாரணையொன்று முடிவதற்குள் ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. மறுபுறத்தில், அனுமதியின்றி ஊடகங்களுக்குத் தகவல் வழங்குவதை அதே விதிக்கோவை தடை செய்கின்றது. உள்ளே கேட்பார் இல்லை. வெளியே பேச அனுமதி இல்லை. இந்த இரண்டுக்குமிடையே அகப்பட்டவர் முகநூலை நாடுவதில் வியப்பில்லை.

என்ன செய்யலாம்? பெருஞ் செலவின்றிச் செய்யக்கூடியவை சில இருக்கின்றன.

முதலாவதாக, ஒவ்வொரு போதனா வைத்தியசாலையிலும் ஆதார வைத்தியசாலையிலும் மூவர் அல்லது ஐவர் கொண்ட இணக்கக் குழுவொன்று அமைக்கப்பட வேண்டும். அதில் பெரும்பான்மையினர் அவ்வைத்தியசாலைக்கு வெளியிலிருந்து வர வேண்டும். ஓய்வுபெற்ற தாதிய பரிபாலகர், ஓய்வுபெற்ற நிர்வாக உத்தியோகத்தர், பயிற்சி பெற்ற மத்தியஸ்தர் போன்றோர் இதற்குப் பொருத்தமானவர்கள். பணிப்பாளர் மீதே முறைப்பாடு வந்தால் அவர் அதில் தலையிடலாகாது.

இரண்டாவதாக, காலவரையறை. முறைப்பாடு கிடைத்து இரண்டு நாட்களுக்குள் இரு தரப்பையும் கேட்க வேண்டும். இரண்டு வாரங்களுக்குள் எழுத்து மூலமான முடிவு வழங்கப்பட வேண்டும். முடியாவிடின் அது தானாகவே மேல்நிலைக்குச் செல்ல வேண்டும். முறைப்பாடு விசாரணையில் இருக்கும்போது முறையிட்டவரை இடமாற்றம் செய்யலாகாது. இருவரையும் தற்காலிகமாகப் பிரிக்க வேண்டியிருப்பின், எப்போதும் கீழ்நிலையிலுள்ளவரே அனுப்பப்படும் வழக்கம் கைவிடப்பட வேண்டும்.

மூன்றாவதாக, மொழி. வாக்குமூலம் அளிப்பவர் தனக்கு விளங்கும் மொழியிலேயே அதனை அளிக்கவும், வாசித்துக் கையொப்பமிடவும் உரிமையுடையவராக இருக்க வேண்டும். தெற்கில் பணிபுரியும் தமிழ் பேசும் தாதிக்கும், வடக்கு கிழக்கில் பணிபுரியும் சிங்கள வைத்தியருக்கும் இது சமமாகப் பொருந்தும்.

நான்காவதாக, எதை இணக்கத்துக்கு விடக்கூடாது என்பதும் தெளிவாக வரையறுக்கப்பட வேண்டும். பாலியல் தொந்தரவு, 1995 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் மூலம் தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவில் குற்றமாக்கப்பட்டுள்ளது. அத்தகைய முறைப்பாட்டை 'பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்' என்று சொல்வது குற்றத்துக்கு உடந்தையாவதாகும். நோயாளியின் உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் கவனயீனமும், மருந்துக் கொள்வனவு மோசடியும் அவ்வாறே உரிய விசாரணைக்குச் செல்ல வேண்டும்.

ஐந்தாவதாக, சம்பளமும் கொடுப்பனவும். ஒரு பிரிவினருடன் இரகசியமாகப் பேசி மறு பிரிவினரை வீதிக்கு அனுப்பும் முறை முடிவுக்கு வர வேண்டும். சுகாதாரத்துறையின் சகல பிரிவினருக்குமான கொடுப்பனவுகளை ஒரே மேசையில், பகிரங்கமான அளவுகோல்களின்படி ஆராயும் நிரந்தர அமைப்பொன்று தேவை. 49 ஆம் பிரிவின் விலக்கு சுகாதார சேவையைப் பொறுத்தவரை நீடிக்க வேண்டுமா என்பதும் பாராளுமன்றத்தின் கவனத்துக்குரியது.

இவற்றுக்கு எதிர்ப்பு வரும் என்பதை மறுப்பதற்கில்லை. மற்றுமொரு குழுவா என்று பொதுமக்கள் சலித்துக்கொள்வர். இந்நாட்டில் குழுக்களுக்கும் அறிக்கைகளுக்கும் பஞ்சமில்லை என்பது உண்மையே. இங்கு வலியுறுத்தப்படுவது காலவரையறையும் எழுத்து மூலமான முடிவுமாகும். அவையின்றி அமைக்கப்படும் குழுவால் பயனில்லை. தமது அதிகாரம் குறைந்துவிடும் என நிர்வாகிகள் அஞ்சலாம். நாள்தோறும் சங்கங்களுக்கிடையே அகப்பட்டுத் தவிக்கும் பணிப்பாளருக்கு இது உண்மையில் ஒரு துணையாகும். தமது பேரம் பேசும் பலம் பறிபோகும் எனச் சங்கங்கள் கருதலாம். பகிஷ்கரிப்பு உரிமையைப் பறிக்குமாறு எவரும் கோரவில்லை. அந்த ஆயுதத்தை எடுப்பதற்கு முன்னர் தட்டுவதற்கு ஒரு கதவு வேண்டும் என்பதே கோரிக்கை.

காலம் தாழ்த்துவதற்கு இடமில்லை. 2022 ஆம் ஆண்டின் நெருக்கடியின் பின்னர், ஐந்தாண்டுகள் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்வதற்கு அரசாங்கமே சுற்றுநிருபம் மூலம் வழிவகுத்தது. வைத்தியர்களும் தாதியரும் கணிசமாக வெளியேறினர். எஞ்சியிருப்போரின் தோள்களில் இருவரின் சுமை. களைத்த மனிதர்களிடையே வார்த்தைகள் விரைவில் தடிக்கும். சம்பளத்துக்காக நாட்டைவிட்டுச் செல்வோரைத் தடுப்பது கடினம். மரியாதை இல்லை என்பதற்காகச் செல்வோரையாவது தடுத்து நிறுத்தலாம்.

நோயாளி வைத்தியசாலையின் வாயிலில் கால்வைக்கும்போது எந்தச் சங்கத்தின் பக்கமும் சேர்ந்தவராக வருவதில்லை. இரவு இரண்டு மணிக்குச் சந்தேகம் எழும் தாதி தயங்காது தொலைபேசியை எடுக்க வேண்டும். மறுமுனையிலுள்ள வைத்தியர் எரிச்சலின்றிப் பதிலளிக்க வேண்டும். கட்டிலில் படுத்திருப்பவரின் உயிர் அந்த ஒரு நிமிட உரையாடலிலேயே தங்கியிருக்கின்றது. அதனைச் சாத்தியமாக்கும் பொறுப்பு சுகாதார அமைச்சுக்கும், மாகாண நிர்வாகங்களுக்கும், தொழிற்சங்கங்களுக்கும் சமமாகவே உண்டு. இடமாற்றக் கடிதத்தில் ஒப்பமிடுவதுடன் அப்பொறுப்பு நிறைவடைந்துவிடாது.